அழைப்பிதழுக்கும் சான்றிதழுக்கும் அலங்கார எழுத்துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பத்திரிகை, பட்டமளிப்புச் சான்றிதழ், பாராட்டு மடல், சபா மேடையின் பின்திரை என்று எதுவானாலும் பேனாவால் எழுதியது போன்ற எழுத்துருவைத்தான் சென்னையில் பலரும் கேட்கிறார்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் பத்திரிகை பார்க்கப் போகும் குடும்பத்தாரும், டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) வேலை செய்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகை எழுத்துரு, கண் நின்று பார்க்க வேண்டிய இரண்டு மூன்று சொற்களுக்கு உரியது. தமிழில் அந்த அலங்காரம் தமிழ் எழுத்தின் சுழியிலிருந்தும் வளைவிலிருந்தும் வர வேண்டும். ஆங்கில எழுத்தின் சாய்வைக் கடன் வாங்கினால் சரியாக அமையாது.

"கேலிகிராஃபி ஃபான்ட்" என்று கடையில் காட்டுவதெல்லாம் ஒரே வகையா?

இல்லை. எந்தப் பேனாவிலிருந்து பிறந்தது என்று பார்த்தால் இரண்டு பெரிய குடும்பங்கள் தெரியும்.

முதலாவது, பட்டை முனைப் பேனா. முனை தட்டையாக இருக்கும். பேனாவை ஒரே கோணத்தில் பிடித்து எழுதும்போது கோடு போகும் திசையைப் பொறுத்துத் தடிமன் மாறும். அழுத்தத்துக்கு இங்கே வேலை இல்லை. போப்பின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த லுடோவிகோ அரிகி 1522இல் ரோமில் ஒரு கையெழுத்துப் பயிற்சி நூலை வெளியிட்டார். அந்தச் சாய்வெழுத்து மரபில் வந்தவைதான் ஹெர்மன் ஸாப்ஃப் 1979இல் தந்த ஸாப்ஃப் சான்சரியும், நம் ஊர்ச் சான்றிதழ்களில் அடிக்கடி காணும் மோனோடைப் கோர்சிவாவும்.

இரண்டாவது, கூர்முனைப் பேனா. கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் முனை பிளந்து கோடு தடிக்கும். மேல்நோக்கிப் போகும்போது மயிரிழையாக மெலியும். 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கையெழுத்து ஆசிரியர்கள் வளர்த்த பாணி இது. அவர்களின் எழுத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதால் காப்பர்பிளேட் என்ற பெயரும் உண்டு. சார்லஸ் ஸ்னெல் என்பவரின் எழுத்தை வைத்து மேத்யூ கார்ட்டர் 1960களில் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டை வரைந்தார். ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் பகுதி பகுதியாகச் செதுக்கி வெளியிட்ட மாதிரிகளிலிருந்து ரிச்சர்ட் லிப்டனின் பிக்கம் ஸ்கிரிப்ட் வந்தது. எட்வர்டியன் ஸ்கிரிப்ட், இலவசமாகக் கிடைக்கும் கிரேட் வைப்ஸ் எல்லாம் இந்தப் பக்கம் சேர்ந்தவை.

இதைத் தெரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி. பட்டை முனை வகை கொஞ்சம் கம்பீரமானது. எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியே நிற்பதால் படிக்கவும் எளிது. கூர்முனை வகையில் எழுத்துகள் கோத்துக்கொண்டு போகும். பார்க்க மிக அழகு, அச்சில் மிக நுட்பம். சான்றிதழுக்கு முதல் வகையையும், மணமக்கள் பெயருக்கு இரண்டாம் வகையையும் நான் பரிந்துரைப்பேன்.

ஸாப்ஃபினோவைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அதில் என்ன விசேஷம்?

பாலட்டினோ, ஆப்டிமா ஆகியவற்றை உருவாக்கிய ஹெர்மன் ஸாப்ஃப் (1918–2015) ஜெர்மனியின் பெரிய எழுத்துக் கலைஞர். 1944இல் கையால் எழுதிய ஒரு பக்கத்தை எழுத்துருவாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு நெடுநாள் இருந்தது. ஈய அச்சில் அது நடக்காத காரியம். ஒவ்வொரு எழுத்தும் தன் பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும். அடுத்த எழுத்தின் மேல் வால் நீள முடியாது. கணினி வந்த பிறகுதான் அது கைகூடியது. 1998இல் லைனோடைப் நிறுவனம் அதை ஸாப்ஃபினோ என்று வெளியிட்டது.

கையால் எழுதும்போது ஆங்கில 'ஈ' (e) எழுத்தை இரண்டு முறை ஒரே மாதிரி எழுத மாட்டோம். ஸாப்ஃபினோவில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவம் தானே மாறும். ஆப்பிள் கணினிகளில் வரும் பதிப்பில் மட்டும் 1400க்கு மேல் வடிவங்கள் உள்ளன. அதில் எழுத்துருவின் பெயரையே தட்டச்சு செய்தால் முழுப் பெயரும் ஒரே சித்திரமாகச் சேர்ந்துகொள்ளும்.

நம் வேலைக்கு இது எப்படி உதவும்? மீனாட்சி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு 'ஈ' அடுத்தடுத்து வருகிறது. அவை அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருந்தால் கையெழுத்து என்ற எண்ணமே போய்விடும். மாற்று வடிவங்கள் அடங்கிய பட்டியலைத் திறந்து, இரண்டாவதற்கு வேறு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். தட்டச்சு செய்து அப்படியே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இந்த எழுத்துருவின் பயன் முழுவதும் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இதன் மேல் வாலும் கீழ் வாலும் மிக நீளம். மேல் வரியின் 'ஒய்' கீழ் வரியின் 'எச்'சில் போய் முட்டும். வரி இடைவெளியைக் கையாலேயே சரிசெய்யுங்கள். அகலமாக ஒரே வரிதான் என்றால் இதைவிட நல்லது குறைவு.

மோனோடைப் கோர்சிவா பழசாகிவிட்டதா?

எங்கும் பார்த்துச் சலித்துவிட்டது என்பது உண்மை. எம்எஸ் ஆபீஸோடு வந்ததால் எல்லாக் கணினியிலும் குடியேறிவிட்டது. ஆனால் எழுத்து மோசமில்லை. கோடுகளில் தடிமன் வேறுபாடு அளவோடு இருப்பதால் சாதாரண லேசர் பிரின்ட்டில்கூட உடையாது. பள்ளி ஆண்டு விழாவுக்கு நூற்றுக்கணக்கில் சான்றிதழ் அடிக்க வேண்டும், அச்சு சுமாராகத்தான் இருக்கும் என்றால் தயங்காமல் வைக்கலாம்.

பத்திரிகை முழுவதையும் அந்த எழுத்திலேயே அடித்தால் என்ன?

வேண்டாம். பத்திரிகை எடுத்துக்கொண்டு நீங்கள் முதலில் போவது பெரியவர்கள் வீட்டுக்கு. அவர்கள் தேடுவது மூன்று விஷயம்: என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த மண்டபம். "காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்" என்பது சுருள் எண்களில் இருந்தால் கண்ணாடி போட்டும் படிக்க முடியாது. தேதி, நேரம், மண்டபத்தின் முகவரி, தொலைபேசி எண் இவை நான்கும் நேரான, சாதாரண எழுத்துருவில் 11 அல்லது 12 பாயின்ட்டில் இருக்கட்டும். மணமக்கள் பெயர் மட்டும் அலங்கார எழுத்தில் 30, 36 பாயின்ட் என்று நன்றாக எழட்டும்.

அப்பா பெயரின் இனிஷியலும் பட்டமும் ஆங்கிலத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. என்ன செய்வது?

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். இந்த எழுத்துருக்களை வரைந்தவர்கள், சொல்லின் முதலில் ஒரே ஒரு பெரிய எழுத்து வரும், பிறகு சின்ன எழுத்துகள் தொடரும் என்று நினைத்துத்தான் பெரிய எழுத்துக்கு அத்தனை சுருள் வைத்தார்கள். நாமோ கே.ஆர்.எஸ். என்று மூன்று பெரிய எழுத்தை வரிசையாக நிறுத்தி, பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ. என்று இன்னும் ஐந்து பெரிய எழுத்தைச் சேர்க்கிறோம். சுருளோடு சுருள் மோதிப் பெயரே தொலைந்துபோகிறது.

பெயரை மட்டும் அலங்கார எழுத்தில் வையுங்கள். இனிஷியலுக்கு அதே எழுத்துருவில் சுருள் குறைந்த மாற்று வடிவம் இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாக எழுதிவிடுங்கள். பட்டங்களைப் பெயருக்குக் கீழே, நேரான எழுத்தில், 9 பாயின்ட்டில் தனி வரியாகப் போடுங்கள். பட்டம் கண்ணில் படவில்லை என்று வீட்டில் யாராவது வருத்தப்பட்டால் இரண்டு மாதிரியையும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். தனி வரியில் இருப்பதுதான் நன்றாகத் தெரியும்.

முழுப் பெயரையும் பெரிய எழுத்திலேயே அடிப்பதும், கோத்து வரும் எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டுவதும் எந்த நிலையிலும் வேண்டாம். கோர்வை அறுந்து துண்டு துண்டாகத் தொங்கும்.

தமிழில் இதற்கு இணையான எழுத்துரு இருக்கிறதா?

அதே பொருளில் இல்லை. அதை ஒரு குறையாகவும் நான் நினைக்கவில்லை, ஏனென்றால் தமிழ் எழுத்தின் வரலாறே வேறு. ஓலையில் எழுத்தாணியால் கீறி, பிறகு எண்ணெயில் குழைத்த கரியைத் தடவித் துடைப்பார்கள்; கீறலில் மட்டும் கறுப்பு தங்கும். எழுத்தாணிக்குத் தடித்த கோடு, மெல்லிய கோடு என்ற பேதம் கிடையாது. முழு எழுத்தும் ஒரே தடிமனில் சுழன்று போகும். தடிமன் வேறுபாடு அச்சோடு வலுவாக வந்தது. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானது முதல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ட் வார்ப்பித்த நேர்த்தியான எழுத்துகள் வரை, தமிழ் வடிவங்கள் ஈயத்தில் படிப்படியாகத் திருந்தின.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆங்கிலத்தில் அலங்காரம் முழுவதையும் முதல் எழுத்து சுமக்கிறது. தமிழில் அதை எங்கே வைப்பது? நம் எழுத்து தானாகவே நீள விரும்பும் இடங்களில் வைக்க வேண்டும். 'ழ'வின் வால், 'ற'வின் இறக்கம், 'கி', 'லி' போன்றவற்றின் மேல்விலங்கு, 'மீ', 'ஸ்ரீ' ஆகியவற்றின் சுழி, 'கூ', 'பூ'வின் அடிவளைவு. யாழினி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'ழி'யில் கீழே ஒரு வால், மேலே ஒரு விலங்கு. கடைசி 'னி'யில் மீண்டும் ஒரு விலங்கு. பெயருக்குள்ளேயே தாளம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு சுருளும் ஒட்ட வேண்டியதில்லை.

கிடைக்கும் எழுத்துருக்களில், தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணர் கையெழுத்துச் சாயலோடு இயல்பாகச் சாய்ந்து வருவது; வாழ்த்து மடலுக்கு இனிமையாக இருக்கும். அரிமா மதுரை உருண்டையான முனைகளோடு மென்மையாக நிற்கும். பெரிய அளவில் தலைப்புக்கு ஏற்றது. நல்ல சம்பிரதாயமான தோற்றம் வேண்டுமென்றால் டிரோ தமிழ். புத்தக எழுத்தின் கண்ணியம் அதில் இருக்கிறது, தடிமன் வேறுபாடும் கட்டுப்பாட்டோடு இருக்கிறது. மூன்றையும் கூகுள் எழுத்துருத் தொகுப்பிலிருந்து இலவசமாக எடுக்கலாம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம்.

ஆங்கிலப் பெயர் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்டில், பக்கத்தில் தமிழ்ப் பெயர் டிரோ தமிழில் என்றால் பொருந்துமா என்று கேட்பார்கள். பொருந்தும். இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. கறுப்பின் கனம் ஒத்திருந்தால் போதும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அடர்ந்து தெரிந்தால் அளவைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து சாய்வெழுத்துக்கான 'ஐ' (I) பட்டனை அழுத்தினால் சாய்ந்துவிடுகிறதே, அது போதாதா?

போதாது. மென்பொருள் எழுத்தை வெறுமனே தள்ளிச் சாய்க்கிறது. வட்டமான சுழிகள் கோணலாகிவிடும், 'ட' விழப்போவது போல் நிற்கும். இடத்தில் அடங்கவில்லை என்று எழுத்தை அகலவாக்கில் நசுக்குவதும் இதே தவறுதான். சாய்வு வேண்டுமென்றால் சாய்வாகவே வரையப்பட்ட எழுத்துருவை எடுங்கள்.

கோல்டு ஃபாயிலில் அடித்தால் எழுத்து உடைகிறது, அடைத்துக்கொள்கிறது. ஏன்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுத்துருவின் அளவு 1000 அலகு என்றால் அதன் மயிரிழைக் கோடு 20 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 பாயின்ட்டில் அந்தக் கோடு 0.72 பாயின்ட், ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அதையே 12 பாயின்ட்டுக்குக் குறைத்தால் 0.24 பாயின்ட், அதாவது 0.08 மில்லிமீட்டர். வெள்ளைத் தாளில் ஆஃப்செட் அச்சு இதைத் தட்டுத்தடுமாறித் தாங்கும். ஃபாயில் தாங்காது. சூடான உலோக ப்ளாக் தாளை அழுத்திப் பொன்தாளை ஒட்ட வைப்பதுதான் அந்த முறை. கோடு மெலிந்தால் ஒட்டாமல் உரியும். அரை பாயின்ட்டுக்குக் குறைந்த கோடு எதையும் ஃபாயிலுக்குக் கொடுக்காதீர்கள். மெரூன் பின்னணியில் வெள்ளை எழுத்து என்று தலைகீழாக அடிப்பதற்கும் இதே அளவுதான், ஏனென்றால் சுற்றியுள்ள மை கோட்டுக்குள் கசியும்.

தமிழில் இன்னொரு ஆபத்து, உடைவதற்கு நேர்மாறானது. நம் எழுத்தில் சின்னச் சின்ன உள்வெளிகள் அதிகம். மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் வேறுபடுவதே அந்தச் சுழியில்தான். கண்ணன் என்ற பெயரைச் சிறிய அளவில் ஃபாயிலில் அடித்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு எது 'ண்', எது 'ன்' என்று தெரியாமல் போகும். சில அலங்கார எழுத்துருக்களில் புள்ளியைச் சின்ன வளையமாக வரைந்திருப்பார்கள். திரையில் அழகாக இருக்கும், ஃபாயிலில் குழம்பிவிடும். திடமான புள்ளி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். துணைக்காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும் எழுத்துருவைப் பெயருக்கு வைக்கவே வேண்டாம்.

பழைய 'லை', 'ணை' வடிவத்தை அலங்காரத்துக்காக வைக்கலாமா?

யானைத் தும்பிக்கைபோல் மேலே வளைந்து வரும் அந்த வடிவத்தை 1978இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் மாற்றியது. கலைவாணி, மணிமேகலை போன்ற பெயர்களில் அந்த வளைவு அத்தனை அழகு. பெரிய அளவில், ஒரு பெயரில் ஒரே இடத்தில் வந்தால் எனக்கு முழுச் சம்மதம். அரசு அலுவலகத்துக்கோ கல்விச் சான்றிதழுக்கோ என்றால் வேண்டாம். பதிவேட்டில் உள்ள வடிவமே இருக்கட்டும். கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் அந்த வடிவத்துக்குத் தனிக் குறியீடு இல்லை. எழுத்துருவில் மாற்று வடிவமாக இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் வரைந்துதான் சேர்க்க வேண்டும்.

மண்டப வாசலில் வைக்கும் தெர்மாகோல் எழுத்துக்கும் மேடைப் பின்திரைக்கும் இதே எழுத்துரு போதுமா?

தெர்மாகோலுக்குக் கோத்து வரும் எழுத்து ஒரு வகையில் வசதி. பெயர் முழுவதும் ஒரே துண்டாக வெட்டி எடுக்கலாம், தனித்தனியே ஒட்ட வேண்டாம். ஆனால் மயிரிழை இணைப்பு பூ சுற்றும்போதே முறியும். வெட்டுவதற்கு முன் எழுத்தின் வெளிக்கோட்டைச் சுற்றிலும் தடிக்கச் செய்து, மிக மெல்லிய இணைப்பும் விரல் அகலத்துக்கு வந்த பிறகு கொடுங்கள்.

பின்திரைக்குப் பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம். அது நேரான எழுத்துக்கு. அலங்கார எழுத்தென்றால் நான் இரட்டிப்பாக வைப்பேன். மார்கழிக் கச்சேரியில் கடைசி வரிசை 60 அடி தள்ளி இருந்தால் சின்ன எழுத்தின் உயரமே 12 அங்குலம் வேண்டும்.

வாட்ஸ்ஆப் பத்திரிகைக்கு?

படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கும், முதலில் போவது மெல்லிய கோடுகள்தான். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். படம்தான் வேண்டுமென்றால் பெயரைத் திரை அகலம் முழுவதும் வையுங்கள்.

யூனிகோடு தமிழ் எழுத்து மென்பொருளில் சிதறுகிறது. கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் நிற்கிறது.

'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால் நிற்க வேண்டும். கணினி இதை 'க'வுக்குப் பிறகுதான் சேமிக்கிறது, காட்டும்போது இடம் மாற்றுகிறது. அந்த வேலையைச் செய்யாத மென்பொருளில் சிதறும். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் யூனிகோடு வேலைக்கே ஆகாது. அதனால்தான் பல அச்சகங்கள் இன்னும் பழைய குறியீட்டு எழுத்துருக்களை வைத்திருக்கின்றன. இன்டிசைனிலும் போட்டோஷாப்பிலும் பல மொழி எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கோரல்டிராவில் புதிய பதிப்பு வேண்டும்.

எழுத்துரு எதுவும் பிடிக்கவில்லை. கையாலேயே எழுத வைக்கலாமா?

தாராளமாக. உண்மையில் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வேண்டியது இரண்டே பெயர். தமிழ் இதழ்களின் தலைப்புகளையும் சினிமா டைட்டில்களையும் கையால் எழுதி வளர்ந்த ஊர் இது. எழுத்து வரையும் ஓவியர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெரிய தாளில் நாலைந்து விதமாக எழுதித் தரச் சொல்லுங்கள். பிடித்ததை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கோடுகளாக மாற்றிக்கொண்டால் பத்திரிகை, பின்திரை, தாம்பூலப் பை எல்லாவற்றுக்கும் அதுவே போதும். மேலே போடும் பிள்ளையார் சுழியையும் அதே பேனாவால், அதே கையால் எழுத வையுங்கள்.

மாதிரி வேண்டுமென்றால் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது, அங்கே ஓலைச்சுவடிகளைப் பார்க்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்பேடுகள், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய அச்சு நூல்கள். எழுதப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்வாருங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ப்ரூஃபைத் திரையில் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள். உண்மையான அளவில் தாளில் எடுத்து, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் எழுத்தை மாற்றுங்கள். பிழை திருத்தம் எல்லாம் முடிந்த பிறகுதான் 'கன்வர்ட் டு கர்வ்ஸ்' கொடுக்க வேண்டும். அதன்பின் எழுத்துகள் வெறும் வடிவங்களாகிவிடும், ஒரு புள்ளியைக்கூடத் தட்டச்சில் திருத்த முடியாது. ஆகவே மாற்றாத மூலக்கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கர்வ்ஸ் கோப்பை அச்சகத்துக் கணினியில் திறந்து, கொம்பு, கால், புள்ளி மூன்றும் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். நான்கு மூலையிலும் அரை அங்குலமாவது எழுத்தில்லாமல் விடுங்கள். மஞ்சள் தடவுவது அங்கேதான்.